ஆவி போடாத வீடு

மாசமா இருக்கிற பொண்ணு வீட்ல செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. கொல்லையில குழி தோண்டக் கூடாது. பூசணிக்காயக் கூட அந்தப் பொண்ணு கண்ணு முன்னால வெட்டக் கூடாது. இது எங்க பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்ச சேதி, நான் ஒண்ணும் புதுசா கண்டுபிடிச்சிரல. ஆனா வீட்டக் கட்டிக் குடுத்த கம்பெனிக்காரங்க, குடிவந்து மூணு மாசம் கழிச்சு செவுத்துல நாப்பது ஓட்டை போடணும்னு மெஷினத் தூக்கிட்டு வந்து நின்னப்ப, என் மருமக அர்சினிக்கு மூணு முடிஞ்சு நாலாவது மாசம் நடக்குது. நான் என்ன செய்ய?

அவ பேரு ஹர்ஷினின்னு எழுதணுமாம். எனக்கு வாயில வர்றது அர்சினிதான். அப்பிடியே விட்டுருங்க.

எங்க ஊரு கல்லுமேட்டுப்பட்டி. கம்பத்துக்கும் சுருளிக்கும் நடுவுல. சுத்தி எங்க பார்த்தாலும் திராட்சைப் பந்தல்தான். வருசத்துக்கு ரெண்டு மூணு தடவ கவாத்து வெட்டுவாங்க, வெட்டுன குச்சி ஆள் உயரத்துக்குக் குமிஞ்சு கிடக்கும். அந்தக் காலத்துல வரப்புல போட்டுக் கொளுத்துவோம். அது சும்மா பொகை இல்ல, மருந்துப் பொகை. காய்க்கு அடிச்ச மருந்து பூரா குச்சியிலயும்தான இருக்கு. அடுப்பெரிக்க எடுத்தா கண்ணத் தொறக்க முடியாது. மாடு மோந்து பார்த்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிரும்.

அப்பத்தான் இந்தக் குச்சிக்கல்லுக் கம்பெனி வந்துச்சு. குச்சிய அரைச்சு, பூஞ்சாண விதையக் கலந்து, அச்சுல அமுக்கி, இருட்டுக் கொட்டாயில பன்னெண்டு நாள் வச்சுருவாங்க. பன்னெண்டாம் நாள் தொறந்தா இட்லிப் பானையத் தொறந்த மாதிரி ஒரு வாசம். வெள்ளை வெள்ளையா நூலு ஓடி, குச்சி அம்புட்டையும் இறுக்கிப் பிடிச்சு, கதவு அகலத்துக்குப் பலகையா நிக்கும். சிமெண்டு வேணாம், சூளை வேணாம். வெயிலுக்குக் குளுமை, குளிருக்குக் கதகதப்பு. அங்க குச்சி கட்டுற பொம்பளையாளுக இருபது பேருக்கு நான்தான் மேஸ்திரி. அதனால ஆளுக்கொரு வீடு கட்டிக் குடுத்தப்ப முதல் வரிசையில எங்களுக்கு ஒண்ணு கிடைச்சுச்சு. அதுவரைக்கும் நான் சொந்த வீட்ல ஒரு நாள் கூடப் படுத்ததில்ல. நாகஜோதின்னு என் பேர வாசல்ல எழுதினப்ப, யாரோ ஒருத்தி பேருன்னு நினைச்சு ரெண்டு தடவ படிச்சேன்.

குடிவர்ற அன்னைக்கு கம்பெனி இன்ஜினியர் பௌசியா எல்லாரையும் உக்கார வச்சு விளக்கம் சொல்லுச்சு. உத்தமபாளையத்துப் பொண்ணு. பேச்சு கணீர்னு இருக்கும். இந்தப் பூஞ்சாணத்த மருந்து திங்கிறதுக்குன்னே வளர்த்திருக்காங்களாம். அது சொன்னத அப்பிடியே சொல்றேன்: "இதுக்கு மருந்துதான்மா சோறு. குச்சி வெறும் பாய், உக்காந்து சாப்பிடுறதுக்கு. சோறு தீர்ந்துச்சுன்னு வைங்க, பாயத் திங்க ஆரம்பிச்சிரும். அதுக்கு முன்னால ஆவி விட்டுக் கொன்னுரணும்."

எங்க இருபது பேர்ல ஒருத்தி, "அப்ப எங்க வீட்டுக்காரரு மாதிரி"ன்னு சொன்னா. எல்லாரும் சிரிச்சோம். அந்தச் சிரிப்புல பாதிச் சேதி போயிருச்சு.

சரி, ஆவி போடுற சன்னாசி வந்தான். நாப்பது ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஓட்டை குழாயச் சொருகி கொதிக்கிற ஆவிய விடணும். நான் வாசக்கால மறிச்சு நின்னுட்டேன். அர்சினிக்கு ஏற்கனவே ரெண்டு தடவ அஞ்சாம் மாசத்துல கலைஞ்சு போச்சு. மறைச்சு என்ன ஆகப் போகுது, அப்பெல்லாம் நான் அவளப் பேசாத பேச்சு இல்ல. அவ காலடி வச்ச நேரம்னு பக்கத்து வீட்டுக்குக் கேக்கச் சொன்னவதான் நான். மூணாவது தங்குனப்ப, என் வாயாலயோ என் கையாலயோ ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு ஒரு பயம் பிடிச்சுக்கிச்சு. ஒரு ஆணிக்கே ஆகாதுன்னா நாப்பது ஓட்டைக்கு என்ன ஆகும்?

சன்னாசி ஒண்ணும் வேத்தாள் இல்ல, கூடலூர்ப் பக்கம்தான். அவன் பொண்டாட்டி மாசமா இருந்தப்ப கோழிக் கூட்டுக்குக் கூட கம்பு ஊண விடலையாம் அவுக அம்மா. மத்த வீட்டுக்கெல்லாம் போட்டுட்டான். எங்க வீட்ல மட்டும் வாசல்ல நின்னு குழாயத் தொறந்து கொஞ்சம் ஆவிய விட்டு, ஒரு போட்டோ புடிச்சு, முடிஞ்சதுன்னு போன்ல ஏத்திட்டுப் போயிட்டான். பிள்ளை பெறந்து முப்பது கழியட்டும், வந்து போட்டுத் தர்றேன்னு சொன்னான். நல்ல மனுசன். நாங்க ரெண்டு பேரும் நல்லதுதான் செஞ்சோம்னு அன்னைக்கு நிம்மதியா தூங்குனேன்.

அஞ்சாம் மாசம் தாண்டுச்சு. ஆறு தாண்டுச்சு. ஏழுல வளையல் போட்டோம். அர்சினி முகத்துல ஒரு தெளிச்சி. முன்னால ரெண்டு தடவயும் உதடு மரமரக்குது, தலை சுத்துதுன்னு கிடப்பா. இந்தத் தடவ அதெல்லாம் இல்ல. பின்னறையில செவுத்துல முதுகச் சாச்சுக்கிட்டு, காலை நீட்டிக்கிட்டு அப்பிடியே உக்காந்திருப்பா. ராத்திரியும் அதே செவுத்த ஒட்டித்தான் படுக்கை. ஏத்தா, எந்திரிச்சு நாலு எட்டு நட, அப்பத்தான் பிள்ள லேசா பெறக்கும்னு நான் சொன்னா, "இந்தச் செவுத்துல சாஞ்சாத்தான் அத்த மூச்சு விட நல்லாருக்கு"ன்னு சொல்லுவா. சோம்பேறித்தனத்துக்கு ஒரு பேருன்னு நினைச்சுக்கிட்டேன்.

ஆனா வீட்டு வேலையில அவ கொறை வச்சதில்ல. அதையும் சொல்லணும். என் மகன் தீபன் பந்தலுக்கு மருந்து அடிக்கிறவன். கம்பெனியில தலையில இருந்து கால் வரைக்கும் மூடுற உடுப்பு, மூஞ்சிக்கு மூடி எல்லாம் குடுத்திருக்காங்க. சாயங்காலம் வந்து கொல்லையில கழட்டிப் போடுவான், அர்சினி வெந்நீர் வச்சு கையால கசக்கிப் போடுவா. மெஷின்ல போட்டா நைஞ்சு போகும்னு சொன்னது நான். வயித்துப் பிள்ளைக்காரி பந்தலுக்குப் போக வேணாம்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க, நிறுத்திட்டோம். துவைக்கிறதப் பத்தி யாரும் கேக்கல. நாங்களும் சொல்லல.

ஐப்பசியில மழை பிடிச்சுச்சு. நாலு நாள் விடாம பேஞ்சது. ஒரு நாள் காலையில அடுப்படியில மாவு மாதிரி பொடி கொட்டிக் கிடந்துச்சு. கோலமாவு டப்பா கவுந்துருச்சுன்னு கூட்டி அள்ளிட்டேன். மறுநாளும் கிடந்துச்சு. செவுத்துல கைய வச்சேன். கை அமுங்குது. பயந்து போயி வெரல் முட்டியால தட்டிப் பார்த்தா, காஞ்ச சொரக்குடுக்கைய தட்டுன மாதிரி டொக்கு டொக்குங்குது. முன்னறையிலயும் அதே சத்தம்.

சோறு தீர்ந்து போச்சு, பாயத் திங்குதுன்னு புரிஞ்சு போச்சு. தீபன்கிட்டச் சொன்னேன். அவன் கோவத்துல கத்தல, அதுதான் கஷ்டமா இருந்துச்சு. தலையில கைய வச்சு உக்காந்துட்டான். கம்பெனியில சொன்னா சன்னாசி வேலை போயிரும். வீட்டையும் பிடுங்கிருவாங்க. எட்டு மாசப் பொண்ண இந்த மழையில எங்க கொண்டு போயி வைக்கிறது? ரெண்டு நாள் பொறுப்போம், மழை விடட்டும்னு நான்தான் சொன்னேன். அந்த ரெண்டு நாளும் கூரைத் தகரத்தப் பார்த்துக்கிட்டே இருந்தேன். எங்க வீட்டுக் கூரைக்குத் தூணு கிடையாது, செவுருதான் தாங்குது.

ரெண்டாம் நாள் மத்தியானம் பௌசியா வந்து நின்னுச்சு. மழைக் கோட்டு, கையில காதுல மாட்டுற கருவி. மேலத் தெருவுல ஒரு வீட்டுச் செவுரு சாஞ்சு போச்சாம். அங்க ஆவி சரியா ஏறலையாம். அதனால எல்லா வீட்டையும் தட்டிப் பார்க்கிறாங்க. நான் காப்பி போட்டேன், முறுக்கு எடுத்து வச்சேன், அவுக அம்மா முட்டுவலி எப்பிடி இருக்குன்னு கேட்டேன். அது எல்லாத்துக்கும் பதில் சொல்லிக்கிட்டே முன்னறைச் செவுத்துல கருவிய வச்சுச்சு. மீதிக் காப்பியக் கீழ வச்சுச்சு. அடுப்படிக்குப் போச்சு. திரும்பி வந்து என்னையப் பார்த்துச்சு.

"யம்மா, உங்க வீட்டுக்கு ஆவி போட்டதா போட்டோ இருக்கு."

நான் முறுக்குத் தட்ட அது பக்கம் நகத்தி வச்சேன்.

"ஓட்டை எங்கம்மா? நாப்பது ஓட்டையில ஒண்ணக் காட்டுங்க."

எல்லாத்தையும் சொல்லிட்டேன். சன்னாசிய விட்டுரு, நான்தான் மறிச்சேன், என் பேர எழுதிக்கன்னு சொன்னேன். ஏசும்னு பார்த்தேன். அது ஏசல. அவுக பாட்டி, நன்னின்னு கூப்பிடும், அவுகளும் இதையேதான் சொல்லுவாகன்னு மட்டும் முணுமுணுத்துச்சு. அப்பறம் சட்டுனு, "உள்ள யாரு இருக்காங்க?"ன்னு கேட்டுக்கிட்டே பின்னறைக்கு ஓடுச்சு.

அர்சினி எப்பவும் போல செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்தா. பௌசியா அவள மெதுவா எந்திரிக்கச் சொல்லிட்டு, அங்கன கருவிய வச்சுச்சு. எடத்த மாத்தி மாத்தி வச்சுச்சு. முழங்கையால ஒரு இடி இடிச்சுச்சு. ணங்குன்னு ஒரு சத்தம், கருங்கல்லு மாதிரி. அந்த ஒரு பலகை மட்டும். அதுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் எல்லாம் குடுக்கை.

பௌசியா கருவியக் கழட்டிக் கழுத்துல போட்டுட்டு, அர்சினி பக்கம் திரும்புச்சு.

"இந்த எடத்துல யாரு உக்கார்றது? நீங்க மட்டும்தானா?"

ஆமான்னு அர்சினி தலையாட்டுனா.

"மத்த செவுத்துல சோறு தீர்ந்து போச்சு. இதுல தீரல. எங்கிருந்தோ தெனமும் வந்துக்கிட்டே இருந்திருக்கு."

எனக்குச் சட்டுனு வெளங்கல. தீபனுக்கு வெளங்கிருச்சு. வாசப்படியில அப்பிடியே உக்காந்துட்டான். ஆஸ்பத்திரி நோட்டு இருக்கான்னு பௌசியா கேட்டுச்சு. எங்க பக்கம் மாசமா இருக்கிற பொண்ணுகளுக்கு ரத்தத்துல மருந்து எம்புட்டு இருக்குன்னு மாசா மாசம் பார்ப்பாங்க. நோட்ட விரிச்சா, அஞ்சாம் மாசம் நாப்பத்தொண்ணு, ஆறுல இருபத்தெட்டு, ஏழுல பதினாலு. பந்தலுக்குப் போறத நிறுத்துனதால கொறையுதுன்னு டாக்டரம்மா பக்கத்துல எழுதி வச்சிருந்துச்சு.

பந்தலுக்குப் போறத நிறுத்துனாங்களே, அப்பறம் வேற எதையாவது தொட்டாங்களான்னு பௌசியா கேட்டுச்சு. கொல்லைக் கதவு தொறந்து கிடந்துச்சு. தாழ்வாரத்துக் கொடியில தீபனோட உடுப்பு சொட்டச் சொட்டத் தொங்குது. நாங்க நாலு பேரும் அதைத்தான் பார்த்தோம்.

உடுப்புக்குள்ள இருந்தவனுக்கு ஒண்ணுமில்ல. துவைச்சவளுக்குத்தான் எல்லாம். அவ ஒடம்புல ஏறுன மருந்தத்தான் அந்தச் செவுரு தெனமும் உறிஞ்சித் தின்னிருக்கு. அந்த ரெண்டு பிள்ளையும் எதனால போச்சுன்னு அந்த நிமிசம் எனக்குத் தெரிஞ்சுச்சு. காலடி வச்ச நேரம்னு சொன்னேனே, அந்த நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிச்சு.

அதுக்குள்ள முன்னறையில ஏதோ சரசரன்னு கொட்டுச்சு. பௌசியா இப்பவே வெளிய வாங்கன்னு சொல்லுச்சு, முன்னறைச் செவுரு எந்நேரமும் விழலாம்னு சொல்லுச்சு. அர்சினி மட்டும் அசையல. செவுத்துல கைய வச்சுக்கிட்டு நிக்கிறா. அவ அதிர்ந்து பேசி நான் கேட்டதில்ல. அன்னைக்கும் அதிர்ந்து பேசல.

"இத விட்டுட்டு வரமாட்டேன். ரெண்டு பிள்ளைய நான் தனியா நின்னு பறிகுடுத்துட்டேன் அத்த. இந்தப் பிள்ளைக்குத்தான் ஒருத்தர் தொணைக்கு இருந்திருக்காங்க."

இது காப்பாத்தும்னு யாரும் சோதிச்சுப் பார்க்கல, நோட்டுல நம்பர் கொறையுது, அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்னு பௌசியா கெஞ்சுச்சு. அவ கேக்கல. அப்ப பலகைய அறுத்துக் கூடவே கொண்டு போயிருவோம்னு தீபன் சொன்னான். பௌசியா மேல கையக் காட்டுச்சு. கூரை உத்தரம் உக்காந்திருக்கிறதே அந்தப் பலகை மேலதான். அது ஒண்ணுதான் இப்ப வீட்டத் தாங்குது. அத எடுத்தா வீடு இல்ல. இப்பிடியே விட்டுட்டுப் போனா, மழை வெறிச்சதும் முட்டுக் குடுத்து, மத்த செவுத்த மாத்தி வீட்டப் பொழைக்க வச்சிரலாம். ரெண்டுல ஒண்ணு.

மூணு பேரும் என்னையப் பார்த்தாங்க. வாசல்ல எழுதியிருக்கிறது என் பேருதான.

நான் கொல்லைக்குப் போயி கவாத்து ரம்பத்த எடுத்துட்டு வந்தேன். தீபன் ஓடிப்போயி பந்தல்ல இருந்து நாலு சவுக்குக் கம்பு பிடுங்கிட்டு வந்து உத்தரத்துக்கு முட்டுக் குடுத்தான். பௌசியாவும் ஒரு கம்பத் தோள்ல தாங்கிக்கிட்டு நின்னுச்சு. குச்சி ஏத்துற கம்பெனி டிராக்டர வரவச்சு, அர்சினிய அதுல ஏத்தித் தார்ப்பாய மூடி உக்கார வச்சோம். ஒரு ஆணிக்கு வாசக்கால மறிச்சவ, செவுத்தையே அறுக்க ஆரம்பிச்சேன்.

கல்ல அறுக்கிற மாதிரி இருந்துச்சு. உள்ள பூரா வெள்ளை நூலு, தேங்கா நாரு மாதிரி முறுக்கிக்கிட்டுக் கிடக்கு. அறுக்க அறுக்க மருந்து வாசம், தீபன் உடுப்புல வருமே, அதே வாசம். அர்சினி தலை சாஞ்ச எடத்துல தலை அளவுக்கு ஒரு கருப்பு, முதுகு படுற எடத்துல முதுகு அளவுக்கு ஒரு கருப்பு. ரம்பம் பாதியில நின்னு போச்சு. என் கைதான் நின்னுச்சு. யம்மா, சவுக்கு வளையுதுன்னு பௌசியா சொன்னப்பறம்தான் மறுபடி இழுத்தேன்.

பலகைய மூணு பேரும் சாச்சு, இழுத்து, டிராக்டர்ல ஏத்துனோம். தெரு முக்குத் திரும்பல, பின்னால வீடு உக்காந்துருச்சு. சத்தம் கூடப் பெருசா இல்ல. ஈரச் சாக்க எறக்கி வச்ச மாதிரி ஒரு பொத்துங்கிற சத்தம். நான் திரும்பிப் பார்க்கல. அர்சினிதான் பார்த்துட்டு என் கையப் பிடிச்சுக்கிட்டா.

திராட்சைப் பெட்டி அடுக்குற ஷெட்டுல ஒரு மூலையக் குடுத்தாங்க. பலகையச் செவுத்துல சாச்சு வச்சு, அதுக்கு முன்னால கட்டிலப் போட்டோம். அன்னையில இருந்து தீபன் உடுப்பத் துவைக்கிறது நான். கையுறை ஒண்ணு பௌசியா குடுத்துச்சு. அதப் போட்டா சோப்பு வழுக்குது, கறை போச்சா இல்லையான்னு தெரியல. நாலு நாள் போட்டுட்டுக் கழட்டி வச்சுட்டேன்.

பௌசியா ரிப்போர்ட்டுல உள்ளத உள்ளபடி எழுதுச்சு. ஆவி போடல, காரணம் நாகஜோதின்னு. சன்னாசிக்கு ஒரு மாசம் வேலையில்லாம வச்சு மறுபடி எடுத்துக்கிட்டாங்க. அவன் வந்து பலகையத் தொட்டுப் பார்த்துட்டு, இம்புட்டு நாளும் நான் போட்டதெல்லாம் கொலைதானோன்னு கேட்டான். மத்த வீடுகள்ல செத்த செவுருக நல்லா உறுதியா நிக்குது. அங்கயும் துவைக்கிறாங்க, அங்கயும் மாசமா இருக்காங்க.

வீடு விழுந்த முப்பத்தேழாவது நாள் பிள்ளை பெறந்துச்சு. பொம்பளப் பிள்ள. ரெண்டே முக்கால் கிலோ. நோட்டுல நம்பர் மூணு.

பேர் வச்ச மறுநாள் காலையில பௌசியா பலகைய எடுத்துட்டுப் போக வந்துச்சு. பிரிச்சு ஆராய்ச்சி பண்ணப் போறாங்களாம். முதல்ல பிள்ளையக் கொஞ்சுச்சு, அப்பறம் பழக்கத்துல கருவியக் காதுல மாட்டிக்கிட்டு பலகையத் தட்டுச்சு. அர்சினி தலை வச்ச எடம் டொக்குங்குது. முதுகு வச்ச எடமும் டொக்குங்குது. தீர்ந்து போச்சு, சுத்தமாயிட்டாங்கன்னு பௌசியா சிரிச்சுச்சு. அர்சினியும் சிரிச்சா. அவ சத்தமாச் சிரிச்சு அன்னைக்குத்தான் கேக்குறேன்.

தட்டிக்கிட்டே கீழ வந்துச்சு. கட்டிலத் தாண்டி ஓரத்துல, தரையில இருந்து ஒரு முழ உயரத்துல, ணங்குன்னு கேட்டுச்சு. பௌசியா மறுபடி தட்டுச்சு. மறுபடியும் ணங்கு.

"யம்மா, இந்த ஓரத்துல யாரு உக்கார்றது?"

அது நான் பூண்டு உரிக்கிற எடம். துவைச்சுப் போட்டுட்டு வந்து, முதுகச் சாச்சு, பிள்ளைய மடியில போட்டு ஆட்டுற எடம்.

அதே நேரத்துல அர்சினி, "இந்தாங்கத்த, உங்க பேத்தி உங்களத் தேடுறா"ன்னு பிள்ளைய நீட்டுனா. நானும் கைய நீட்டிட்டேன். வெரலுக்கு நடுவுல இன்னும் ஈரம் காயல.

நீட்டுன கையப் பின்னால இழுத்துக்கிட்டேன்.